மீட்டர் மாட்டப் போனவர்

கோவை, பல்லடம், உடுமலைப் பக்கத்து மில்களில் கரண்ட் கணக்குப் பார்க்கிறவர்கள் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை எங்காவது கூடி, ஒரு நிகழ்வை எடுத்துப் பிரித்துப் பேசுவோம். பவர் ஃபேக்டர் அபராதம், காற்றாலை யூனிட்டை பேங்கிங்கில் போடுவது, டிமாண்ட் கட்டணம் என்று பெரும்பாலும் எங்கள் தொழிலை ஒட்டித்தான் இருக்கும். இந்த மாதம் என் முறை. நான் எடுத்துக்கொண்டது அமெரிக்க அரசின் எரிசக்திப் புள்ளிவிவர அலுவலகத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 2025 ஜனவரி வரை தலைவராக இருந்த ஜோசப் டிகரோலிஸின் பதவிக்காலம்.

"அந்தாளு நமக்கு ஒறம்பரைங்களா?" என்று பல்லடத்துக்காரர் கேட்டார். சொந்தக்காரர் இல்லைதான். ஆனால் 33 மாதப் பதவிக்காலத்தில் அவருக்கு வந்த பெரிய சோதனை, நம்மூர்த் தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் 50 வருடமாக நடந்துவரும் அதே வழக்கு. எண்ண வந்தவருக்கும் எண்ண விடாதவருக்கும் நடக்கிற வழக்கு. அதனால்தான் எடுத்தேன். அன்று பேசியதையும், பிறகு வீட்டில் உட்கார்ந்து யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்த நாற்காலி

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. அமெரிக்க பெட்ரோல் பங்குகளில் வண்டிகள் வரிசை கட்டின. நாட்டில் எவ்வளவு எண்ணெய் இருப்பு இருக்கிறது என்று தெரிய அரசே எண்ணெய்க் கம்பெனிகளின் கணக்கைத்தான் நம்பி இருக்க வேண்டியிருந்தது. விலையேற்றத்துக்குக் கம்பெனிகளே காரணம் என்று சந்தேகப்பட்ட மக்கள், அந்தக் கம்பெனிகள் கொடுத்த கணக்கை எப்படி நம்புவார்கள்? அந்தச் சூட்டில்தான் 1977இல் எரிசக்தித் துறைக்கான சட்டம் வந்தபோது, துறைக்குள்ளேயே தனியாக எரிசக்தித் தகவல் நிர்வாகம் என்று ஓர் அலுவலகத்தை வைத்தார்கள். முதல் தலைவராக வந்த லிங்கன் மோசஸ் எண்ணெய்க்காரர் இல்லை, அரசியல்வாதியும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர்.

அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. தகவல் திரட்டவும், அதை அலசவும், அறிக்கையாக வெளியிடவும் இந்த அலுவலகத்தின் தலைவர் வேறு எந்த அதிகாரியிடமும் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. எரிசக்தித் துறை அமைச்சரே ஆனாலும் அறிக்கை வெளிவருவதற்கு முன் அதில் ஒரு கமாவை மாற்ற முடியாது. நம்ம பக்கம் ஒரு சர்வே எண்ணை வெளியிடக் கோப்பு எத்தனை மேசை ஏறி இறங்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்.

புதன்கிழமைதோறும் வாஷிங்டன் நேரம் காலை 10:30க்கு பெட்ரோலிய இருப்புக் கணக்கு வெளியாகும். இயற்கை எரிவாயுக் கணக்கு வியாழக்கிழமை. மாதத்தின் முதல் நாள் நூல் விலைக்காகத் திருப்பூரில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அப்படி அந்த நிமிடத்துக்காக உலகச் சந்தையே காத்திருக்கும். எண் தப்பினால் பணம் இடம் மாறிவிடும். 2004 நவம்பரில் ஒரு கம்பெனி தன் எரிவாயு இருப்பைத் தப்பாக எழுதி அனுப்பிவிட்டது. அதை நம்பி அலுவலகம் எண்ணை வெளியிட்டது, எரிவாயு விலை எகிறியது. பிறகு திருத்தினார்கள், ஆனால் திருத்துவதற்குள் வாங்கியவர் வாங்கிவிட்டார், விற்றவர் விற்றுவிட்டார்.

ஆக நாற்காலிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாற்காலியில் உட்கார்கிறவர் கையில் ஒரு மீட்டரும் கிடையாது. அடுத்தவர் எழுதி அனுப்புவதைத்தான் அவர் கூட்டிக் கழித்து வெளியிட முடியும்.

ஆள்

டிகரோலிஸ் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், பெரிய அளவில் காற்றாலை மின்சாரம் எடுத்தால் செலவு என்ன ஆகும் என்பது. 2004இல் முடித்தார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிப் பிழைக்கிற எங்களுக்கு அந்த இடத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டது. ஆடி மாதம் பூளவாடி, கேத்தனூர்ப் பக்கம் காத்தாடி சுற்றுகிற சுற்றும், ஐப்பசியில் அது நிற்கிற நிலையும் தெரியாமல் காற்று மின்சாரத்துக்கு யாரும் விலை சொல்ல முடியாது. அந்த ஏற்ற இறக்கத்தை ஈடுகட்ட என்ன செலவாகும் என்பதுதான் அவர் கணக்கும்.

கொஞ்ச நாள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் வேலை பார்த்தார். பிறகு வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். அங்கே சக ஆய்வாளர்களோடு டெமோவா என்ற எரிசக்திக் கணினி மாதிரியை உருவாக்கினார். அதன் கணிப்பு நிரல், உள்ளே போடுகிற எண்கள் எல்லாவற்றையும் யாரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்து வைத்தார். கணிப்பு சொல்கிறவர் தன் கணக்கைக் காட்ட வேண்டும் என்பதில் பிடிவாதமான ஆள். கம்பெனிகளோடு மல்லுக்கட்டி விவரம் வாங்கிப் பழகியவர் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும் என்பதால் இங்கேயே குறித்து வைக்கிறேன்.

வோல்டேஜ் அடித்தது

பதவியேற்று இரண்டு மாதம். 2022 ஜூன், உக்ரைன் போர் நடக்கிறது. அமெரிக்காவில் பெட்ரோல் சராசரி விலை முதன்முறையாக கேலனுக்கு 5 டாலரைத் தாண்டிய மாதம். அந்த நேரம் பார்த்து அலுவலகத்தில் மின்னழுத்தத்தில் ஏதோ கோளாறு. முக்கியமான சர்வர்கள் பழுதாகிவிட்டன. அந்த மாதம் நான்காவது வாரம் வர வேண்டிய வாராந்திரப் பெட்ரோலியக் கணக்கு வரவில்லை. ஒரு வாரம் கழித்து ஜூன் 29 அன்றுதான் இரண்டு வாரத்துக்கும் சேர்த்து வெளியிட்டார்கள்.

இதைச் சொன்னபோது எங்கள் கூட்டத்தில் ஒரே சிரிப்பு. நாட்டின் மின்சாரத்தையே எண்ணுகிற அலுவலகம் வோல்டேஜ் ஏறி இறங்கியதில் படுத்துவிட்டது. சிரித்தோமே தவிர, அந்த வாரம் நடந்தது எங்களுக்கு நன்றாகவே தெரியும். நான் வேலை பார்த்த ஒரு மில்லில் இதே மாதிரி ஒரு ராத்திரி மோட்டார்களை ஓட்டுகிற டிரைவ் கார்டுகள் மொத்தமாகப் போயின. மறுநாள் காலை முதலாளி கேட்ட முதல் கேள்வி "நேத்து எத்தனை யூனிட்?" என்பதுதான். தோராயமாக ஓர் எண்ணைச் சொல்லிச் சமாளித்தேன். டிகரோலிஸ் தோராயமாக எதையும் சொல்லவில்லை. உலகமே கேட்டுக்கொண்டிருக்கும்போது, சரிபார்க்காத எண்ணை வெளியிட மாட்டோம் என்று வாயை மூடிக்கொண்டு ஒரு வாரம் இருந்தார்கள். எனக்கு அந்தத் தைரியம் அன்று இல்லை.

மிச்சக் கணக்கு

அடுத்தது கொஞ்சம் நுணுக்கமான சமாச்சாரம். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

கச்சா எண்ணெய்க் கணக்கு எளிமையானது. கிணற்றிலிருந்து வந்தது, இறக்குமதியானது ஒரு பக்கம். சுத்திகரிப்பு ஆலைக்குப் போனது, ஏற்றுமதியானது, டேங்கில் ஏறியது மறுபக்கம். இரண்டும் சமமாக இருக்க வேண்டும், ஆனால் ஒருநாளும் இருக்காது. மிச்சத்தை ஒரு வரியில் 'சரிக்கட்டல்' என்று எழுதுவார்கள். சின்ன எண்ணாக இருக்கும் வரை யாரும் கண்டுகொள்வதில்லை.

2023 பிப்ரவரியில் அந்த வரி ஒரு வாரம் நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாயை ஒட்டி வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத எண்ணெய் இவ்வளவா என்று சந்தையில் கேலி பேசினார்கள். டிகரோலிஸ் காலத்து அலுவலகம் அதைத் தனி ஆய்வாக எடுத்துத் தோண்டியது. கிடைத்த விடை சுவாரசியமானது. எரிவாயுவோடு கிடைக்கும் திரவங்களையும், பாதி சுத்திகரித்த எண்ணெயையும் சிலர் கச்சா எண்ணெயில் கலந்துவிடுகிறார்கள். ஒரு பெயரில் கணக்கில் ஏறிய சரக்கு வேறு பெயரில் கப்பல் ஏறுகிறது. போதாததற்கு உற்பத்தியும் கொஞ்சம் குறைவாகவே கணக்கில் வந்திருந்தது. பிறகு அந்தக் கலப்புக்கென்று கணக்கில் தனி வரி போட்டார்கள். பெயர் இல்லாத மிச்சத்தில் ஒரு பகுதிக்குப் பெயர் கிடைத்தது.

இனி நம்மூர். சப்ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு வருகிற லைனான ஒரு ஃபீடரில் 100 யூனிட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் வீடு, கடை, தறி எல்லா மீட்டரையும் கூட்டினால் 60. மீதி 40 எங்கே? ஒரு பகுதி தோட்டத்து மோட்டார்களுக்குப் போயிருக்கும். இன்னொரு பகுதி கம்பியில் சூடாகிக் கரைந்திருக்கும், கொஞ்சம் கொக்கி போட்டுத் திருடுவதிலும் போயிருக்கும். மோட்டாருக்கு மீட்டர் இல்லாததால் 40ஐ எப்படிப் பிரிப்பது என்பது காகிதத்தில் முடிவாகிற காரியம். விவசாயம் 30 என்று எழுதினால் இழப்பு 10தான், நிர்வாகம் நல்ல பெயர் எடுக்கும். விவசாயம் 20 என்று எழுதினால் இழப்பு 20 ஆகிவிடும், கேள்வி வரும். மானியம் கொடுக்கும் அரசுக்கு ஒரு எண் பிடிக்கும், வாங்கும் வாரியத்துக்கு வேறு எண் பிடிக்கும். தமிழ்நாட்டில் இருக்கிற 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய சர்வீஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு மோட்டாரின் ஹெச்.பி.யை வைத்தும், மாதிரிக்கு அங்கங்கே மாட்டிய மீட்டர்களை வைத்தும்தான் கணக்குப் போடுகிறார்கள். மோட்டார் தகட்டில் 5 ஹெச்.பி. என்று இருக்கும், உள்ளே காயில் கட்டியவர் ஏழரைக்குக் கட்டியிருப்பார். இது தெரியாத லைன்மேன் கொங்கு நாட்டில் கிடையாது.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, இரண்டு வருடத்துக்குள் மீட்டர் இல்லாமல் யாருக்கும் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்கிறது. ஒழுங்குமுறை ஆணையம் அவகாசத்தை நீட்டிக்கலாம் என்று அதிலேயே ஒரு வாசலும் வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் நாம் இத்தனை வருடமாகப் போய்வருகிறோம். மத்திய மின்சார ஆணையம் எல்லா மாநிலத்திலிருந்தும் கணக்கை வாங்கித் தொகுக்கிறது. அந்தத் தொகுப்பில் விவசாயம் என்ற வரியில் நிற்கிற எண் நம்மூர் மிச்சத்திலிருந்து போனதுதான். நம்மூர் அமெரிக்காவைவிட மோசம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அங்கேயும் மிச்சம் இருக்கிறது. மிச்சத்தைத் தனி வரியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள், அதனால் அது பெருத்தபோது கேலியாவது செய்ய முடிந்தது. நாம் மிச்சத்தை விவசாயி தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

2024 பிப்ரவரி

இந்த நிகழ்வின் நடுப்பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பிட்காயின் என்ற டிஜிட்டல் பணத்தை எடுப்பவர்கள் ஆயிரக்கணக்கான கணினிகளை இரவு பகலாக ஓட்டுகிறார்கள். சீனா 2021இல் தடை போட்ட பிறகு நிறையப் பேர் அமெரிக்காவுக்கு, குறிப்பாக டெக்சாசுக்கு வந்தார்கள். எவ்வளவு கரண்ட் எடுக்கிறார்கள்? டிகரோலிஸின் அலுவலகம் வெளியில் கிடைத்த தகவல்களை வைத்து 137 இடங்களை அடையாளம் கண்டது. நாட்டின் மொத்த மின்சாரத்தில் 0.6 முதல் 2.3 சதவீதம் வரை இருக்கலாம் என்று 2024 பிப்ரவரி தொடக்கத்தில் மதிப்பிட்டுச் சொன்னது. கீழ் எண்ணும் மேல் எண்ணும் ஒன்றுக்கு நான்கு மடங்கு. இவ்வளவு அகலமான மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் புள்ளிவிவரக்காரருக்கும் தூக்கம் வராது.

இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். அந்த 137 இடத்திலும் மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மாதாமாதம் பில் போகிறது. ஆனால் எந்தப் பில் பிட்காயின் பில், எது குளிர்பதனக் கிடங்கின் பில் என்று அலுவலகத்துக்குத் தெரியாது. நம்மூரில் தலைகீழ். எந்த சர்வே நம்பரில் யாருடைய மோட்டார் ஓடுகிறது என்று லைன்மேனுக்கு மனப்பாடம், ஆனால் மீட்டர் இல்லை.

அப்போது டிகரோலிஸ் ஒரு முடிவெடுத்தார். சட்டம் அவருக்கு எழுதச் சுதந்திரம் கொடுத்திருக்கிறது என்றேன் அல்லவா? ஆனால் புதிதாக ஒரு படிவத்தை நீட்டிக் கேள்வி கேட்க வேண்டுமானால் அவரும் அனுமதி வாங்கியாக வேண்டும். அரசு மக்களை வீணாகப் படிவம் நிரப்பச் சொல்லக் கூடாது என்று அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. முதலில் 60 நாள் அறிவிப்பு, கருத்துக் கேட்பு, அப்புறம் இன்னொரு 30 நாள், பிறகு வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத்தின் ஒப்புதல். அவசரம் என்றால் மட்டும் இந்தப் படிகளைத் தாண்டலாம். பிட்காயின் விலை ஏறிவிட்டது, உற்பத்தி கூடும், குளிர் அலையில் மின்கட்டமைப்பு திணறுகிறது என்று காரணம் காட்டி, 2024 ஜனவரி கடைசியில் அவசர அனுமதி வாங்கினார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் படிவம் போனது. பதில் கட்டாயம், கொடுக்காவிட்டால் அபராதம்.

பிப்ரவரி 22 அன்று டெக்சாசில் தொழில் நடத்தும் ஒரு பிட்காயின் கம்பெனியும் அந்தத் தொழிலின் சங்கமும் நீதிமன்றம் போயின. அவசரம் என்றால் என்ன அவசரம்? யாருக்கு என்ன ஆபத்து? குளிர் அலைதான் போய்விட்டதே? இடம், கரண்ட் அளவு, எந்திரங்களின் விவரம் எல்லாம் எங்கள் தொழில் ரகசியம் இல்லையா? மறுநாளே தடை கிடைத்தது. மார்ச் 1க்குள் அலுவலகம் இறங்கி வந்தது. அவசரக் கணக்கெடுப்பைக் கைவிடுகிறோம், இதுவரை வந்த பதில்களை அழித்துவிடுகிறோம், வேண்டுமானால் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து முதலிலிருந்து தொடங்குகிறோம் என்று ஒப்புக்கொண்டது.

வந்த பதிலை அழிப்பது! கணக்குப் பார்க்கிறவன் ஒருவனுக்கு இதைவிடக் கசப்பான வேலை இருக்க முடியாது. ரீடிங் எடுத்த அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்ட மாதிரி.

இதில் என் கருத்து வேறு, கூட்டத்தின் கருத்து வேறு. பெரும்பாலோர் டிகரோலிஸ் பக்கம். கரண்ட் பொதுச் சொத்து, யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கேட்கக் கூடாதா என்றார்கள். கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் முன்வாசல் திறந்திருக்கும்போது சந்து வழியாகப் போனார் என்பது என் குற்றச்சாட்டு. 60 நாளும் 30 நாளும் சேர்ந்தாலும் மூன்று மாதம். ஜூன் வாக்கில் முறைப்படி படிவம் போயிருக்கலாம். அவசரம் காட்டியதால் கேள்வியே செத்துப்போனது. இதே அலுவலகம் 2002இல் இயற்கை எரிவாயு இருப்புக் கணக்கை ஏற்றது நினைவுக்கு வருகிறது. அதுவரை எரிவாயு நிறுவனங்களின் சங்கம்தான் அந்தக் கணக்கை எடுத்துவந்தது. சங்கம் விலகிக்கொள்கிறேன் என்றது, அலுவலகம் ஏற்றுக்கொண்டது. எண்ணப்படுகிறவர்களே எண்ணி எண்ணிப் பழகியிருந்த கணக்கு அது. பிட்காயின்காரர்கள் நேற்று முளைத்தவர்கள், அரசு எப்போது கதவைத் தட்டுமோ என்ற பயத்தில் இருப்பவர்கள். அவர்களிடம் முதல் தடவையே அபராதம் என்ற சொல்லோடு போயிருக்கக் கூடாது.

பயம் மீட்டர் மேல் இல்லை

கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு இந்தப் பயத்தைப் புரியவைக்கத் தேவையில்லை.

1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு இறங்கிவந்து மில்களைப் பெருக்கியது. அதே கம்பி தோட்டத்துக் கிணற்றுக்கும் போனது. கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த மாடுகள் ஓய்ந்தன, மோட்டார் வந்தது. அப்போது மோட்டாருக்கும் மீட்டர் இருந்தது, யூனிட் கணக்கில்தான் பில். 1970இல் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லி விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அந்த ஜூனில் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 3 பேர் செத்தார்கள். 1972இல் கட்டணம் மறுபடி ஏறியபோது கட்டைவண்டிகளைப் பூட்டிக்கொண்டு வந்து கோவைச் சாலைகளை அடைத்தார்கள். அந்தப் போராட்டங்களின் தலைவர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு. பிறகு 1984இல் சிறு விவசாயிகளுக்கு இலவசம், 1990 இறுதியில் எல்லோருக்கும் இலவசம் என்று ஆனது. 2003இல் மறுபடி கட்டணம் போட்டுப் பார்த்தார்கள், 2004 தேர்தல் முடிந்ததும் எடுத்துவிட்டார்கள்.

ஒரு பைசாவுக்கு உயிர் போன ஊரில், 'கணக்குக்கு மட்டும்தான் மீட்டர், காசு கேட்க மாட்டோம்' என்று யாராவது வந்து சொன்னால் எவர் நம்புவார்? விவசாயி மீட்டரைப் பார்த்துப் பயப்படுவதில்லை. மீட்டருக்குப் பின்னால் பில் வரும் என்று பயப்படுகிறார், அதற்கு அவரிடம் அத்தாட்சி இருக்கிறது.

இதே வட்டாரத்தில் விசைத்தறிக்காரர்களைப் பாருங்கள். அவர்களுக்கும் இலவச மின்சாரம் உண்டு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டாக இருந்தது, 2016இல் 750 ஆனது, 2023இல் 1000. ஆனால் அது முழுக்க மீட்டர் வழியாகவே வருகிறது. தறிக்காரர் யாரும் மீட்டரைக் கழற்றச் சொல்லவில்லை. இலவச யூனிட் எத்தனை ஓடியது, இன்னும் எத்தனை பாக்கி என்று அட்டையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மீட்டர் ஓடினால்தான் சலுகை என்று ஆனபோது மீட்டர் அவருக்கு வேண்டிய ஆளாகிவிட்டது. தோட்டத்தில் மீட்டர் இன்னும் வேண்டாத ஆள்தான்.

டிகரோலிஸ் பிட்காயின்காரர்களிடம் கொண்டுபோன படிவத்தில் அவர்களுக்கு லாபமாக ஒன்றும் இல்லை என்பதை இந்த இடத்தில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

ஒரு வருடம் வெளியிடாமல் விட்டது

அவர் செய்ததிலேயே எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இன்னொன்று. அதைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை.

அந்த அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடுகிற நீண்டகால எரிசக்திக் கணிப்பு ரொம்பப் பெயர் பெற்றது. அதை ஓட்டுகிற கணினி மாதிரி 1990களில் எழுதப்பட்டு ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வளர்ந்தது. இந்த வகைக் கணிப்புகள் தவறும் என்பது தெரிந்ததுதான். கலிஃபோர்னியாவின் மான்டெரே பாறையில் 1,370 கோடி பீப்பாய் எண்ணெய் எடுக்கலாம் என்ற மதிப்பீட்டை 2014இல் அதே அலுவலகம் 60 கோடியாகக் குறைத்தது. 96 சதவீதம் காலி.

2022இல் அமெரிக்காவில் புதிய எரிசக்திச் சலுகைச் சட்டம் வந்தது. ஹைட்ரஜன், கரியமில வாயுவைப் பிடித்துப் புதைப்பது என்று பழைய மாதிரிக்குச் சரியாகக் கணக்கிடத் தெரியாத விஷயங்கள் உள்ளே நுழைந்தன. 2023 மார்ச்சில் ஒரு கணிப்பு வந்தது. பிறகு டிகரோலிஸ் 2024க்கான கணிப்பு வராது என்று அறிவித்துவிட்டார். அந்த வருடத்தை மாதிரியைத் திருத்த ஒதுக்கினார்கள். அதோடு, எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கிற புது மாதிரி ஒன்றுக்கும் அடித்தளம் போட்டார்கள். டெமோவாவில் செய்ததை அரசு அலுவலகத்துக்குள் கொண்டுவர முயன்றார் என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்த கணிப்பு வெளிவந்தபோது 2025 ஏப்ரல். அதற்குள் ஆட்சி மாறி அவர் போய்விட்டிருந்தார்.

வருடாவருடம் வரும் அறிக்கையை நிறுத்துவது எந்த அலுவலகத்திலும் எளிதில்லை. "இந்த வருசம் ஏன் வரலைங்க?" என்று கேட்கிற பத்து பேருக்குப் பதில் சொல்வதைவிட, பழைய எண்ணுக்குப் புது அட்டை போட்டு அனுப்புவது சுலபம். நான் அப்படி அனுப்பியிருக்கிறேன். மில்லின் சேமிப்புத் திட்ட அறிக்கையில் மூன்று வருடம் ஒரே வளைகோட்டைத் தள்ளி வைத்து வரைந்தேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

பிட்காயின் விவகாரத்தில் மூன்று மாதம் பொறுக்காதவர், கணிப்பு விஷயத்தில் ஒரு வருடம் பொறுத்தார். மாதிரியை எழுதுகிற ஆளுக்கு மாதிரியைத் திருத்தும் பொறுமை இயல்பாக வருகிறது. வேலிக்கு வெளியே நிற்கிறவரோடு பேச வேறு பொறுமை வேண்டும், அது பல்கலைக்கழகத்தில் வாய்ப்பது கொஞ்சம் கஷ்டம். கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "அப்ப லைன்மேனைத்தான் டைரக்டராப் போடோணுங்க" என்றார் பல்லடத்துக்காரர். கிண்டல்தான், ஆனாலும் கொஞ்ச நேரம் யாரும் மறுத்துப் பேசவில்லை.

பூளவாடிப் பக்கம் ஒரு மீட்டர்

கூட்டம் முடிந்த வாரம் பூளவாடிப் பக்கம் மாமா தோட்டத்துக்குப் போயிருந்தேன். அவர் சர்வீசில் மாதிரிக் கணக்கெடுப்புக்கு ஒரு மீட்டர் மாட்டியிருக்கிறார்கள். மாட்டின பிறகு மாமா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. கடைசியில், காசுக்கு இல்லை, கணக்குக்குத்தான் என்று லைன்மேன் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். மாமா மீட்டரை ஒரு சாக்கால் மூடிக் கயிறு கட்டிவைத்தார். மழை படக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம்.

இந்தத் தடவை போனபோது சாக்கு அவிழ்ந்து கிடந்தது. மோட்டார் ரூம் சுவரில் ஆணியில் ஒரு நோட்டு. அதில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் தண்ணீர் முறை எழுதுகிற பக்கத்துக்குப் பின்னால், தேதி போட்டு எண்கள் வரிசையாக இருந்தன. 4,318. 4,352. 4,391.

"என்னங்க மாமா இது?"

"போர்ல தண்ணி இறங்குதா இல்லையான்னு பாக்குறேன் மாப்ளே. முன்னெல்லாம் அந்தத் தென்னைக்குப் பாய முப்பது யூனிட்டுக்குள்ள ஓடும். இப்ப நாப்பதை முட்டுது. தண்ணி கீழ போயிருச்சு, மோட்டாரு அழுத்தி இழுக்குது."

அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நிலத்தடி நீர்மட்டத்தைக் கரண்ட் மீட்டரில் படித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ரீடிங் எடுக்க லைன்மேன் வந்தார். டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்துவிட்டு, ஆணியில் தொங்கிய நோட்டையும் பார்த்தார். "ஏனுங்க, தேதிவாரியாவே வெச்சிருக்கீங்க. இதை ஒரு போட்டோ புடிச்சுக்கட்டுங்களா? ஆபீஸ்ல கேட்டா காட்டலாமுங்க."

மாமா நோட்டை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மீட்டரு உங்களுதுங்க தம்பி, வேணுங்கிறதைப் பாத்து எழுதிக்கோங்க. இது என் கணக்கு."